மாப்பிள்ளை செய்த கத்தி

எஞ்சினியர்மாருக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் கிடைக்கும் சாமானைக் கடையில் வாங்க மனம் வராது. எனக்கு அது கல்யாண நேரத்தில் முற்றிவிட்டது.

அப்போது நான் கொழும்பில், ஒருகொடவத்தையில் லொறி திருத்தும் ஒரு வேலைத்தலத்தில் எஞ்சினியர். உருக்கைச் சிவக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே அடித்து, உடனே எண்ணெயில் தோய்த்தால், அடிக்காமல் தோய்த்ததைவிடப் பலமாக இருக்கும், லேசில் முறியாது என்று எங்கேயோ வாசித்திருந்தேன். வாசித்தவன் சும்மா இருந்திருக்கலாம். கல்யாணத்தன்று தேங்காய் உடைக்கிற கத்தியை நானே செய்யப்போவதாக நாங்கள் இருந்த வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பழைய லொறி ஸ்பிரிங் தகடு ஒன்று நன்றாகச் சிவந்தது. அடிக்கத் தொடங்கினேன். உடனே ஃபோன். எனக்குக் கல்யாணம் பேசியிருந்த வாசுகி.

"பிளவுஸ் மாம்பழ மஞ்சளோ, எலுமிச்சை மஞ்சளோ?"

இரண்டு மஞ்சளுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தகடு ஆறிவிட்டது. ஆறியதை அடித்தேன். சந்தேகம் வந்து மறுபடி காய்ச்சினேன். (முதல் அடித்த பலன் இருந்ததா, காய்ச்சியதில் போய்விட்டதா? சத்தியமாகத் தெரியாது.) மறுபடி அடித்தேன், மறுபடி ஃபோன். கடைசியில் எந்தச் சூட்டில் தோய்த்தேன் என்று அந்த எண்ணெயைத்தான் கேட்க வேண்டும். தோய்த்த பின் இன்னொரு தரம் இளஞ்சூடு காட்டினால்தான் முறிகிற குணம் குறையும். அடித்ததே போதும் என்று அதையும் விட்டுவிட்டேன். அரம் போட்டுப் பார்த்தேன், பிடிக்காமல் வழுக்கியது; அவ்வளவு கடினம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்தன்று காலை, தலைப்பாகையோடு எங்கள் ஃபிளாட் வாசலில் நிற்கிறேன். மாப்பிள்ளைத் தோழன் வாசுகியின் தம்பி சுதன். கத்தியை ஓங்கி ஒரு போடு போட்டான். தேங்காய் இரண்டு. கத்தியும் இரண்டு.

"நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்க கத்தி முறியிறதோ? கொஞ்சம் இருந்து, நேரம் பார்த்துப் போவம்," என்றார் என் பெரியம்மா. மண்டபம் கொழும்பின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில். இருந்தால் முகூர்த்தம் தப்பிவிடும்.

"முதல்ல எது உடைஞ்சது? தேங்காயோ, கத்தியோ?" என்று சித்தப்பா குறுக்கே வந்தார். தேங்காய் முந்தியிருந்தால் குற்றமில்லையாம். எல்லோரும் சுதனைப் பார்த்தார்கள்.

"நான் கண்ணை மூடிட்டன், அத்தான்."

"ஆறினாப்பிறகு அடிச்சதாலயும் இருக்கலாம், பெரியம்மா. இல்லாட்டி..." என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"நீர் வாயை மூடும்!"

மூடினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கெட்டித்தனத்தால் என் கல்யாணமே நிற்கப்போகிறது என்று நினைத்தேன். சுதன்தான் அக்காவுக்கு ஃபோன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னான்.

"தாலி கட்டுறதுக்குக் கத்தி என்னத்துக்கு? வெளிக்கிட்டு வரச் சொல்லு!" என்றாள் வாசுகி.

பெரியம்மாவே முதல் ஆளாகச் செருப்பை மாட்டினார். கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியின் நெரிசலில் வியர்த்து வழிந்து, முகூர்த்தம் முடிகிற நேரத்தில் தாலி கட்டினேன்.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீட்டிலும், யாராவது தேங்காயைக் கையில் எடுத்தவுடன் வாசுகி முந்திக்கொண்டு கேட்பாள்: "கத்தி கடையில வாங்கினதுதானே?"