ரெண்டு கிலோ நிறுத்த கார்

கடவுள் கொடுத்ததிலும் கழிவு பிடித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் அக்கரப்பத்தனையில் இருந்தார். பெயர் ரெண்டு கிலோ. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. மழை பெய்தால் கொழுந்தில் ஈரம் என்று ரெண்டு கிலோ கழிப்பார். வெயில் அடித்தால் சாக்குக்கு என்று ரெண்டு கிலோ. சொந்தப் பெண்சாதி பறித்துவந்தால் மூன்று கிலோ! "ஊரு வாயில விழக்கூடாது பாருங்க" என்பார். அந்தம்மா அதைச் சோற்றில் கழித்துக்கொண்டது தனிக்கதை.

வேலையிலிருந்து நின்றபிறகும் கழிவு நிற்கவில்லை. இழவு வீட்டில் ஒருத்தி, "எம்புட்டு நல்ல மனுசன்!" என்று அழுதால், "சாக்கோடயா, சாக்கு இல்லாமயா?" என்று கேட்பார்.

என்னிடமும்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கூடையில் வெற்றிலை விற்று, இன்று பசாரில் மாடிக் கடை கட்டியிருக்கிறேன். இதைச் சொல்ல வாயெடுத்தாலே வாசல் பெஞ்சிலிருந்து குரல் வரும்: "மொதலாளி, ரெண்டு கிலோ!"

அந்த நாளில் ஒரு பால்மாக் கம்பனி, பால்மா தீர்ந்த வெற்றுப் பக்கெட் உறை பன்னிரண்டு கொடுத்தால் சின்னச் சின்னக் கட்டைகளைப் பொருத்திச் செய்யும் சிவப்புக் கார் இலவசம் என்றது. கடைக்கு ஒரு பெட்டிதான் என்று முன்கூட்டியே வைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை வேன் வரும். பன்னிரண்டு பக்கெட் இல்லையென்றால் பெட்டி திரும்பிப் போய்விடும்.

பேரனுக்கு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு நாளைக்கு எட்டு பால்தேத்தண்ணி குடித்தேன். வியாழக்கிழமை பதினொரு பக்கெட் சேர்ந்தது. வயிறு மத்தளம். "இனி ஒரு பக்கெட்ட ஒடைச்சீங்க, நான் மக வீட்டுக்குப் போயிருவேன்" என்று பெண்சாதி பால்மா அலுமாரிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

ரெண்டு கிலோவைக் கூப்பிட்டேன். "ஐயா, இந்தக் கார் இம்புட்டுப் பாட்டுக்குப் பெறுமா?"

பெட்டியைக் குலுக்கினார். "சாக்கோட நிறுக்கிறது நம்ம வழக்கம் இல்லீங்க." நான் தடுப்பதற்குள் பெட்டியைக் கிழித்து மேசையில் கொட்டிவிட்டார்! போச்சு. இனித் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

கட்டைகளை ஒரு பையில் போட்டு, கொக்கித் தராசில் மாட்டினார். அரைக் கிலோகூட இல்லை. ரெண்டு கிலோ கழித்தால் நான்தான் கம்பனிக்கு ஒன்றரைக் கிலோ கார் கொடுக்கவேண்டி வரும்.

"பூட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். முற்றல் இலை பொறுக்குவதுபோல் அவர் கட்டைகளைப் பிரித்துக் கொடுக்க, நான் படம் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பூட்டினேன். படம் பார்க்கப் படிப்பு எதற்கு? சீனி வாங்க வந்தவர்கள் சீனியை மறந்து நின்றார்கள். கார் முடிந்ததும் மேசையில் ஓட்டிப் பார்த்தேன். வாய் தானாக "டுர்ர்ர்" என்றது.

ரெண்டு கிலோ கண்ணாடியைக் கழற்றினார். "மொதலாளி, யாருக்கு கார்?"

"பேரனுக்குங்க."

"ஒங்க பேரன் நானுஓயாவுல லொறி ஓட்டுறானே?"

கடையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சின்ன வயசுல நமக்கெல்லாம் யாருங்க வாங்கிக் குடுத்தா?" என்று மெதுவாகச் சொன்னார். "பெறும்."

"கழிவு?"

"கழிவு இல்ல. முழு நெற."

மறுநாள் வேன் வருவதற்கு முன்னால் ஒரு வெற்றுப் பக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பெரிதாக ஒன்றுமில்லை என்கிறீர்களா? அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பால் சேராத பிளேன்டீதான். விசாரித்தபோது, எதிர்க்கடையில் பால்மா வாங்கி தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகளுக்கெல்லாம் கரைத்துக் கொடுத்தாராம்.

இப்போது அவர் கொழும்பில் மகளோடு இருக்கிறார். கார் என் கல்லாப்பெட்டி மேல் நிற்கிறது. என்னைப் பற்றி நான் இங்கே சொன்னதிலெல்லாம் தாராளமாக ரெண்டு கிலோ கழித்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிச் சொன்னதில் மட்டும் கை வைக்காதீர்கள்.