சிஃபுவுக்கு ஜூஸ் மறுத்த சீடன்

பசியோடு இருக்கும்போது 'இப்பதான் சாப்பிட்டோம்' என்று சொல்வது எங்கள் பக்கத்தில் பொய்யில் சேராது. அது மரியாதை. கேட்பவர் மறுபடி கேட்க வேண்டும், நாம் மறுபடி மறுக்க வேண்டும், மூன்றாம் முறை 'சரி, உங்களுக்காகக் கொஞ்சம்' என்று உட்கார்ந்து ஒரு சட்டிச் சோற்றைக் காலி பண்ண வேண்டும். வேலூரில் இந்த நாடகத்தின் வசனம் இரண்டு தரப்புக்கும் மனப்பாடம். கலிபோர்னியாவில் அப்படி இல்லை என்பதை, ஒரு நல்ல மனிதரைக் கிட்டத்தட்டச் சாகடித்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நாங்கள் குபெர்டினோவில் இருந்தோம். இணைய நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்து முடிந்திருந்த நேரம். எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வேலை போய் அட்டைப்பெட்டியோடு வெளியே போவார். நான் போகவில்லை, ஆனால் நான் இருப்பதும் யாருக்கும் தெரியாது. மீட்டிங்கில் நான் சொன்னதைப் பக்கத்தில் இருப்பவர் ஒரு நிமிடம் கழித்துச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டில் என் மகன் நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில், அதுவும் டிவியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வான். இந்த நிலையில்தான் முதுகுவலிக்காக குங்ஃபூ வகுப்பில் சேர்ந்தேன். (டாக்டர் சொன்னது நீச்சல். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.)

சமூகக் கூடத்தில் சனிக்கிழமை காலை வகுப்பு. ஆசான் திரு. லாவ்; ஹாங்காங்கிலிருந்து வந்து சான் ஹோசேயில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். மனைவி காலமாகி, மகள் நியூ ஜெர்சியில் இருக்க, இங்கே தனியாக வசித்தார். நாங்கள் அவரை முறைப்படி 'சிஃபு', அதாவது குரு, என்றுதான் அழைப்போம். மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லோரும் நம் நாட்டுக் கம்ப்யூட்டர் ஆட்கள், எல்லோருக்கும் முதுகுவலி. என்னோடு வேலை பார்த்த மதுரைக்காரன் பாஸ்கரும் அதில் ஒருவன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், மூட்டு ஒத்துழைக்கவில்லை, வருடக் கடைசியில் இந்த வகுப்பை உங்களில் ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிறேன் என்றார் சிஃபு. எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் எல்லோரும் சிஃபுவைப் பார்த்துக் கை குவித்துக் குனிவோம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது நாலு பேர் என்னைப் பார்த்து அப்படிக் குனிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். இன்றைக்கு எழுதும்போது அற்பமாகத் தெரிகிறது. அன்றைக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி முழங்கால் மடக்கிக் குதிரை நிலையில் நின்று பழகினேன். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பார்கள். இரண்டையும் தலைகீழாகச் செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் பதிலாக எல்லோரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். மதியச் சாப்பாடு, பிறகு தன் இளமையில் பார்த்த ஒரு பழைய குங்ஃபூ படம். அவர் சொன்ன நேரத்தை நாங்கள் எல்லோருமே இந்தியக் கணக்கில் மாற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்த என் மனைவி வசந்திதான், என்னையும் பாஸ்கரையும் வாசலில் இறக்கிவிட்டு, சன்னிவேலில் மளிகை வாங்கப் போனாள்.

மேசை நிறையத் தட்டுகள். கொழுக்கட்டை மாதிரி பிடித்து ஆவியில் வேகவைத்த பண்டங்கள். கறி சாப்பிடாதவர்களுக்காகக் கீரை வைத்த கொழுக்கட்டைகள் தனியாக. வாசனைக்கே எனக்கு வயிறு கூப்பிட்டது. சிஃபு சாப்பிடலாமா என்று கேட்டார். வயதில் மூத்தவன் என்ற முறையில் நான்தான் பதில் சொன்னேன்: "நோ நோ சிஃபு, வீ ஜஸ்ட் ஏட்." நான் அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? எல்லோரும் வயிற்றைத் தடவிக் காட்டினார்கள். இரண்டாம் முறை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு கணம் மேசையைப் பார்த்தார். சரி, அப்படியானால் முதலில் படம் என்று தட்டுகளை மூடி வைத்துவிட்டார்.

படத்தில் ஒரு கிழ ஆசான், மூன்று சீடர்கள். ஒரு நாள் ஆசான் தன் பலம் போய்விட்டது என்கிறார். கை நடுங்குகிறது, கிண்ணம் விழுகிறது. எல்லோரையும் வெளியே போ என்று கத்துகிறார். மூத்தவனும் நடுவானவனும் மூட்டை கட்டுகிறார்கள். கடைசிச் சீடன் மட்டும் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுகிறான். ஆசான் மது கேட்கிறார். உடம்புக்கு ஆகாது என்று அவன் தர மறுக்கிறான். திட்டுகிறார், அப்போதும் மறுக்கிறான். விடிந்ததும் கிழவர் துள்ளி எழுந்து சிரிக்கிறார். எல்லாம் சோதனை! பள்ளிக்கூடமே அவனுக்குத்தான்.

எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊர்ச் சாமிகள் சோதிக்காமல் வரம் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. பெற்ற பிள்ளையைக் கறி சமைக்கச் சொன்ன கதையை உபன்யாசத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். சிஃபு ஏன் இந்தப் படத்தைப் போட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

படம் முடிந்து, தேநீர் ஊற்ற எழுந்தார். கை நடுங்கி, பாஸ்கர் மடியில் தேநீர் கொட்டியது. அவன் பரவாயில்லை என்பதற்குள் சிஃபு, எங்களிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர், எல்லோரும் போங்கள், வகுப்பு முடிந்தது, போங்கள் என்று கத்தினார். மற்றவர்கள் சங்கடத்தோடு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

"ஏதோ அப்செட்டா இருக்கார்டா," என்றான் பாஸ்கர், ஷூவை மாட்டிக்கொண்டே. "வா, போயிரலாம். அடுத்த வாரம் பேசிக்கிருவோம்."

நான் அவனைப் பரிதாபமாகப் பார்த்தேன். பாவம், நடுச் சீடன். அவன் இன்னொருவர் காரில் ஏறிப் போனான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, கம்பளத்தின் மேல் மண்டியிட்டு, கை குவித்து உட்கார்ந்தேன்.

சிஃபு நாற்காலியில் சரிந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. "ஜூஸ்," என்றார்.

"நோ, சிஃபு," என்றேன்.

அவர் சமையலறைப் பக்கம் விரலை நீட்டினார். "ஜூஸ்… ப்ளீஸ்."

"நோ, சிஃபு. ஐ வில் நாட் ஃபெயில் யூ."

சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமிதம் இருந்ததாக நினைத்தேன். (இந்தப் பைத்தியத்தை யார் உள்ளே விட்டது என்று யோசித்ததாகப் பின்னால் அவரே சொன்னார்.) என் அப்பாவுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை. இதே வியர்வை, இதே நடுக்கம், இதே காரணமில்லாத கோபம் எல்லாவற்றையும் நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் தெரிந்த அதே மண்டைதான் அன்றைக்கு இன்னும் படம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே எனக்கு உறைக்கவில்லை. வகுப்பு ஒன்றுதான் கண்ணில் இருந்தது.

வெளியே ஹாரன் கேட்டது. நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வசந்தியே வந்துவிட்டாள்.

"என்னங்க, கீழ உக்காந்து என்ன பண்றீங்க?"

"உஷ்… டெஸ்ட் நடக்குது."

அவள் என்னைத் தாண்டிப் போய் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுன்னு இருக்கு. இது லோ சுகருங்க. எந்திரிங்க, ஜூஸ் இருக்கா பாருங்க."

"அவரு கேட்டாரு. நான்தான்…"

"கேட்டாரா? கேட்டும் குடுக்கலையா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து ஆரஞ்சு ஜூஸை எடுத்து வந்து, அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். என்னை 911-க்கு போன் பண்ணச் சொன்னாள். அப்போதுதான் எழுந்தேன். கால் மரத்துப்போய் ஒரு தடவை விழுந்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சிஃபுவுக்கு நிதானம் திரும்பியிருந்தது. வந்த இருவரில் ஒருவர் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். இன்னொருவர் என்னிடம், இப்படி ஆனபோது இவர் ஏதாவது கேட்டாரா என்றார். நான் சுவரைப் பார்த்தேன். வசந்தி அப்போதுதான் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசப் பழகிக்கொண்டிருந்தாள்; அன்றைக்குப் பார்த்துத் தடங்கலே இல்லாமல் வந்தது: "ஹி ஆஸ்க்ட் ஜூஸ். மை ஹஸ்பண்ட் செட் நோ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, உங்கள் இருவருக்கும் ஏதாவது தகராறா என்று சிஃபுவிடம் கேட்டார். சிஃபு யோசித்தார். அவ்வளவு நேரம் யோசித்திருக்க வேண்டாம். கடைசியில், இல்லை, இவர் என் மாணவர் என்றார். அதற்கும் அந்த ஆள் முகம் தெளியவில்லை.

அவர்கள் போனதும் வசந்தி மேசையைப் பார்த்தாள். மூடிய தட்டுகள், ஒன்றுகூடத் தொடாமல். ஏன் யாரும் சாப்பிடவில்லை என்று கேட்டாள். சிஃபு சொன்னார்: நாங்கள் நேரத்துக்கு வருவோம் என்று நம்பி முதலிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டாராம். வந்தவர்கள் வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். விருந்தாளிகள் கை நனைக்காமல் வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்து தின்பது அழகில்லையே என்று பேசாமல் இருந்துவிட்டாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மனிதர் வேலூரில் பிறந்திருக்க வேண்டியவர்.

வசந்தி என் பக்கம் திரும்பினாள். காலையில் நான் வெறும் காபியோடு வந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தனக்கும் தட்டு வைத்தாள். கீரைக் கொழுக்கட்டையை ருசி பார்த்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். எனக்கு யாரும் தட்டு வைக்கவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் சிஃபுவிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். சோதனை என்று நினைத்ததையும், வகுப்பு எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, அந்தப் படத்துக் கிழவன் ஒரு முட்டாள், தனக்கு என்ன வேண்டும் என்று நேராகச் சொல்லத் தெரியாதவன் என்றார். கூடவே, நானும்தான் பசிக்கிறது என்று சொல்லவில்லை என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வசந்தியும் வந்தாள். வகுப்புக்கு அல்ல, சிஃபு நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று பார்க்க. டப்பாவில் இட்லி இருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஒரு நாள் பின்வரிசையில் நின்றாள். அவளுக்குக் கை கால் வளைந்தது; முக்கியமாக, எதிரே நிற்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். வருடக் கடைசி வந்தது, போனது. சிஃபு யாருக்கும் வகுப்பைக் கொடுக்கவில்லை. மூட்டு பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே சில வருடங்களை ஓட்டினார். கடைசியாக ஒரு சனிக்கிழமை வசந்தியை முன்னால் அழைத்து நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் கை குவித்துக் குனிந்தோம். எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய். முதல் மாதம் முழுக்க வந்தது. ஆனாலும் குனிந்து நின்ற அந்த நிமிடம் இது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று மனசுக்குப் பட்டது. அதற்கடுத்த வருடம் சிஃபு காலமானார்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் வாயிலாவது 'ஜூஸ்' என்ற சொல் வந்தால் போதும், நான் எழுந்து ஃபிரிட்ஜ் பக்கம் நடந்துகொண்டிருப்பேன். தண்ணீர், மோர், மாத்திரை, போர்வை எதுவானாலும் அப்படித்தான். போன தீபாவளிக்கு வந்திருந்த பாஸ்கரின் மனைவி இதைக் கவனித்துவிட்டு, உங்க வீட்டுக்காரர் மட்டும் எப்படி ஒரே சொல்லுக்கு எழுந்துவிடுகிறார் என்று வசந்தியிடம் ஏக்கத்தோடு கேட்டாள்.

"அது நாங்க சொல்லிக் குடுத்து வந்தது இல்லீங்க," என்றாள் வசந்தி. "ஒருத்தர் உயிரைப் பணயம் வெச்சுச் சொல்லிக் குடுத்தது."