முன்வீடு லண்டன், குசினி ரொறன்ரோ

"கையை எடுங்கோ வின்சன்ற் அண்ணை, கையை எடுங்கோ."

கோபிசங்கர் மேடையிலிருந்து குதித்த குதியில் ஒரு செருப்பு மேடையிலேயே நின்றுவிட்டது. வின்சன்ற்றின் கைக்கும் சுவர் பிளக்குக்கும் நடுவில் இரண்டு அங்குலம்தான் மிச்சம். கையிலிருந்த வயரின் மற்ற நுனியில் ரொறன்ரோவிலிருந்து வந்த டிஜிற்றல் பெட்டி.

"அது நூற்றிப்பத்து வோல்ற் சாமான் அண்ணை. இஞ்ச வாறது இருநூற்றி முப்பது. குத்தினால் புகைதான்."

"அதுக்கேன் தம்பி விழுந்தடிச்சு ஓடி வாறீர்? வாயால சொன்னால் காணாதே?"

"சொல்லிக்கொண்டுதானே ஓடி வந்தனான்."

ஊர்காவற்றுறை வின்சன்ற் முப்பது வருடமாகக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். பதறத் தெரியாதவர். வெளியே நின்ற தன் வான் வண்டிக்குள் கையை விட்டு, செங்கல்லுப் போலப் பாரமான ஒரு ட்ரான்ஸ்போமரை எடுத்து வந்து வைத்தார்.

"கனடாவில இருந்து கிறைண்டர் வந்த வீடெல்லாம் இதைத்தான் இரவல் வாங்கிறது. இதில குத்தும்."

மணி மூன்று பத்து. நாலரைக்குச் சனசமூக நிலையத்தின் ஆண்டுவிழா. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மண்டபம். மேடையில் கோபிசங்கரின் கிற்றாருக்கு இரண்டு சாமான்கள். ஒன்று லண்டனிலிருந்து வந்த பழைய வால்வ் அம்ப், கிற்றார் ஒலிபெருக்கி. உள்ளே நான்கு கண்ணாடிக் குமிழ்கள் தணல் போலச் சிவந்து, கிற்றாரின் சத்தத்தைச் சூடாக்கிக் கொஞ்சம் உறுமவும் வைக்கும். மற்றது இந்த டிஜிற்றல் பெட்டி. காலால் அமத்தினால் எக்கோ, இன்னொருதரம் அமத்தினால் அலை, மூன்றாம் தரம் அமத்தினால் பறக்கும் தட்டு.

மற்ற ஊர்களில் இந்த இரண்டையும் சேர்க்கிறவர்கள் ஆசைக்குச் சேர்ப்பார்கள். கோபிசங்கர் வீட்டுக்காகச் சேர்த்தான்.

தபாற்கந்தோரில் எழுதுவினைஞனான அவனும் மனைவி நிசாந்தினியும் குடியிருப்பது அவளுடைய தாய்மாமன்மாரின் புங்குடுதீவு வீட்டில். காணி உறுதிப்படி முன்வீடும் அறைகளும் மூத்தவர், லண்டன் அரியநாயகத்துக்கு. குசினியும் கிணறும் இளையவர், ரொறன்ரோ சரவணமுத்துவுக்கு. ஆக அவர்கள் படுப்பது லண்டனில், சமைப்பது ரொறன்ரோவில். திருத்திக் கட்டிய கிணற்றின் கல்லில் யாருடைய பெயர் முதலில் வருவது என்று தொடங்கிய வழக்கில் அண்ணனும் தம்பியும் ஆறு வருடமாகப் பேச்சில்லை.

போன வருடம் அரியநாயகம் வால்வ் அம்பை அனுப்பினார். முகப்பில் வெள்ளைப் பெயின்றால் 'அன்பளிப்பு: அரியநாயகம், லண்டன்.' கேள்விப்பட்ட சரவணமுத்து மூன்றாம் மாதமே டிஜிற்றல் பெட்டியை அனுப்பினார். பெயர் எழுத்து அதைவிட இரண்டு மடங்கு.

நேற்று இரண்டு பேரும் போன் எடுத்தார்கள்.

"மருமோன், என்ர அம்பின்ர சத்தம் கலப்படமில்லாமக் கேக்கவேணும்," என்றார் அரியநாயகம். "அவன்ர டப்பாச் சத்தம் அதில சேந்ததெண்டு என்ர காதில பட்டுதோ, முன்வீட்டைப் பூட்டித் திறப்பை நீர் தந்திடவேணும்."

"மருமோன், என்ர பெட்டிச் சத்தம் தனிச்சுத் தெரியவேணும்," என்றார் சரவணமுத்து. "குகைக்குள்ள நிண்டு வாசிக்கிற மாதிரி எக்கோ விழவேணும். விழாட்டில் குசினிக்குப் பூட்டு."

விழா போன் வழியாக லைவ் போகிறது. லண்டனில் நடுப்பகல், ரொறன்ரோவில் காலை ஏழு மணி. இரண்டு பேரும் கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

"ஒண்டைப் போடாமல் விட்டால் என்ன?" என்று இரவு மெல்லக் கேட்டுப் பார்த்தான்.

"எதை?" என்றாள் நிசாந்தினி. "படுக்கிறதையோ, சாப்பிடுறதையோ?"

ஆகவே இப்போது கிற்றாரைப் பெட்டிக்குள்ளும் பெட்டியை அம்புக்குள்ளும் குத்தி ஒரு தட்டுத் தட்டினான். வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு ஒருவன் வழி சொல்வது போல ஒரு சத்தம் வந்தது.

"என்ன இது?" முன்வரிசைக் கதிரையிலிருந்து நிசாந்தினி கேட்டாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள அறுபது அம்பின்ர சத்தத்தைப் பிரதி பண்ணி வச்சிருக்கிறாங்கள். கள்ள அம்பைக் கொண்டுபோய் உண்மையான அம்புக்குள்ள விட்டிட்டன்."

"தேத்தண்ணிக்குள்ள கோப்பியை ஊத்தினீங்கள் எண்டு சொல்லுங்கோ."

கள்ள அம்பை அணைத்தான். சத்தம் தெளிந்தது. மகிழ்ந்துபோய் எக்கோவை அமத்தினான். பத்துப் பேர் கிணற்றடியில் ஒன்றாக வாய் கொப்பளித்தார்கள். குகை எக்கோ முழுவதும் முன்வாசலால் அம்புக்குள் போய், போன எக்கோவெல்லாம் தனித்தனியே உறுமி, ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தது.

முதலில் அம்ப் உறுமவேண்டும். அதற்குப் பிறகுதான் எக்கோ சேரவேண்டும். கோபிசங்கர் போனில் தேடினான். வழி இருந்தது. அம்பின் முதுகில் இரண்டு ஓட்டை. ஒன்று உறுமிய சத்தத்தை வெளியே விடும், மற்றது திருப்பி வாங்கும். கிற்றாரிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர், பெட்டியிலிருந்து அம்பின் முன்னுக்கு ஒன்று, அம்பின் முதுகிலிருந்து திரும்பப் பெட்டிக்கு ஒன்று, பெட்டியிலிருந்து மறுபடி முதுகுக்கு ஒன்று.

"நாலு வயர் வேணும். என்னட்ட ரெண்டுதான் கிடக்கு."

"வயர் ஒரு பிரச்சினையே?" வின்சன்ற் வானிலிருந்து ஒரு பெரிய சுருளை உருட்டி வந்தார். "கோயில் கொடியேற்றத்துக்கு றோட்டு நீளத்துக்கும் ஸ்பீக்கர் கட்டின வயர். ரெண்டு மைல் ஓடினது. உமக்கு ரெண்டு துண்டு வெட்ட ஏலாதே?"

"அது வெறும் வயர் அண்ணை. கிற்றாருக்கு உள்ளால கம்பி வலை உறை போட்ட வயர்தான் சரி."

"உறை போடுறது தலையணைக்குத் தம்பி."

"சரி, கட்டையா வெட்டுங்கோ. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைப்பம்."

"வைக்கேலாது," என்றார் நிலாந்தினி ரீச்சர். முன்பள்ளி ஆசிரியை, நிலையத்தின் செயலாளர், இன்றைக்கு லைவ் பொறுப்பும் அவர்தான். முக்காலியில் போனைப் பூட்டிக்கொண்டு நின்றார். "பக்கத்தில வச்சால் இடப்பக்கப் பேரைத்தான் சனம் முதல் வாசிக்கும். பிறகு இன்னொரு கிணத்துக் கல் பிரச்சினை வரும்."

பத்து நிமிட ஆலோசனையின் பின் சமாதானம் எழுதப்பட்டது. லண்டன் இடப்பக்க மூலையில். ரொறன்ரோ வலப்பக்க மூலையில், ஆனால் நான்கடி முன்னால். வயர் ஒவ்வொன்றும் முப்பதடி.

எல்லாவற்றையும் குத்தி அம்பைப் போட்டதும் மேடைக்குக் கீழே ஒரு லொறி வந்து நின்று இரைந்தது. கோபிசங்கர் குனிந்துகூடப் பார்த்தான். லொறி இல்லை. அம்ப்தான்.

மணி நாலு ஐந்து. சனம் வரத் தொடங்கிவிட்டது.

"ஏர்த் பிழை," என்று வின்சன்ற் தீர்ப்புச் சொன்னார். மிச்ச வயரின் ஒரு நுனியைப் பெட்டியில் முறுக்கி, மற்ற நுனியை யன்னலால் எறிந்து, வெளியே போய் நிலையத்தின் இரும்புக் கொடிக்கம்பத்தில் சுற்றினார். "முப்பதடிக் கம்பம். நாலடி மண்ணுக்குள்ள நிக்குது. இதைவிட நல்ல ஏர்த் யாழ்ப்பாண ரவுணிலயும் கிடையாது."

கம்பியை இறுக்க ஓங்கிய சுத்தியல் அவருடைய பெருவிரலில் இறங்கியது. அதற்கு அவர் சொன்ன வசனம் யன்னலால் நேராக மண்டபத்துக்குள் வந்தது. அதே கணத்தில் லொறி இரைச்சல் கத்தியால் வெட்டியது போல நின்றது.

"வின்சன்ற் அண்ணை, லைவ் துவங்கீட்டுது," நிலாந்தினி ரீச்சர் பாய்ந்துபோய்ப் போனில் எதையோ அமத்தினார். "என்ர முன்பள்ளிப் பிள்ளையளும் பாக்கினம்."

கோபிசங்கர் அதைக் கவனிக்கவில்லை. ஒரேயொரு தந்தியைத் தட்டினான். தணலில் வாட்டிய சத்தம் மெல்ல உறுமி எழுந்தது. பின்னால் குகை, ஒன்று, இரண்டு, மூன்று என்று படியிறங்கிப் போனது. லண்டன் லண்டனாக இருந்தது. ரொறன்ரோ ரொறன்ரோவாக இருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலரைக்குத் திரை விலகியது. முதல் பாட்டு மழை போலப் போனது. இரண்டாம் பாட்டின் நடுவில் மற்ற வாத்தியக்காரர்கள் நிறுத்த, அவன் தனியாக வாசிக்கவேண்டிய இடம். ஒரு நீண்ட சுரத்தை இழுத்து, மூச்சு வாங்கக் கையை எடுத்தான்.

"ஹலோ அன்ரன்," என்றது அம்ப். "எங்க நிக்கிறாய்... நிக்கிறாய்... நிக்கிறாய்..."

கோபிசங்கர் தன் கிற்றாரைப் பார்த்தான். அது ஒன்றும் சொல்லவில்லை.

"நெடுந்தீவுக்கு மேற்க," என்று அம்புக்குள் இன்னொருவர் பதில் சொன்னார். "வலை போட்டிட்டன்... போட்டிட்டன்..."

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கடலில் நிற்கிற வள்ளக்காரரின் வயர்லெஸ். முப்பதடி இரும்புக் கம்பத்தை ஏர்த் என்று நினைத்து, வானொலி அலை பிடிக்கிற ஏரியலாகக் கட்டியிருக்கிறார்கள். கம்பம் பிடித்துக் கொடுக்க, உறையில்லாத வயர் சுமந்து வர, லண்டன் வால்வ் அந்த மனிதருக்கு வானொலிச் செய்தி வாசிப்பாளரின் குரலைக் கொடுத்தது. ரொறன்ரோப் பெட்டி அவரைக் குகைக்குள் குடியேற்றியது.

கழற்றச் சொல்லி வின்சன்ற்றுக்குக் கண்ணைக் காட்டினான். கழற்றினார். லொறி திரும்பி வந்தது. முன்வரிசை காதைப் பொத்தியது. வின்சன்ற் கொஞ்சம் யோசித்து, லொறியைவிட மனிதன் மேல் என்று மறுபடி கம்பத்தில் கொளுவினார்.

"பாணுக்கு என்ன கறி?"

"கணவாய்... கணவாய்... ணவாய்... வாய்..."

மண்டபத்தில் முதல் சிரிப்பு வெடித்தது. கோபிசங்கர் நிறுத்த நினைத்தான். முன்வரிசையில் நிசாந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு விரலால் தன் வாயை இருபக்கமும் இழுத்துக் காட்டினாள். சிரி, வாசி, நிறுத்தாதே. கமராவைப் பார்த்து, கலியாண மாப்பிள்ளை போலச் சிரித்தபடி, அவன் வேகமாக வாசித்து அந்தக் குரலை மூடப் பார்த்தான். குரல் அடங்குகிற குரலில்லை.

"கறி எப்பிடி?"

"வாயில வைக்கேலாது மச்சான். மரியநாயகி உப்பை அள்ளிக் கொட்டிப்போட்டாள்... போட்டாள்... போட்டாள்..."

மகளின் நடனம் பார்க்க வந்து மூன்றாம் வரிசையில் இருந்த அன்ரனின் மனைவி மரியநாயகி எழுந்தாள். இரண்டு கைகளையும் கூரைக்கு உயர்த்தினாள்.

"கரைக்கு வரட்டும் அந்தாள். இண்டைக்கு உப்பில்லாமக் காய்ச்சிக் குடுக்கிறன்."

அவ்வளவுதான், மண்டபம் முழுவதும் எழுந்துவிட்டது. கைதட்டல், சிரிப்பு, கண்ணீர் துடைப்பு. ஒரு கதிரை உடைந்தது. கோபிசங்கர் அன்ரனுக்குப் பின்னணியாக ஒன்பது நிமிடம் வாசித்துக் கும்பிட்டு இறங்கினான்.

மேடைக்குப் பின்னறையில் கிற்றார் பெட்டியின் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவனுக்குப் பக்கத்தில் நிசாந்தினி வந்து குந்தினாள்.

"சாமானைக் கட்டுவம்," என்றான்.

"எந்த நாட்டுச் சாமானை முதல்?"

போன் அடித்தது. லண்டன். அவன் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தான். நிசாந்தினிதான் அமத்தி அவன் காதில் வைத்தாள்.

"மருமோன்," அரியநாயகத்தின் குரல் தழுதழுத்தது. "வால்வ் எண்டால் வால்வ்தான். அவன்ர டப்பா ஒரு சொட்டும் கலக்கேல்ல. நீர் என்ர மானத்தைக் காப்பாத்தினீர்."

"மாமா, அந்த இடையில வந்தது..."

"இடையில வந்ததுதான் மருமோன் உச்சம். சனம் எழும்பி நிண்டு கைதட்டினதைப் பாத்தன். ஒரு பொம்பிளை ரெண்டு கையையும் மேல தூக்கி, பக்தியில நிண்டமாதிரி நிண்டா. முன்வீடு இனி உம்மட வீடெண்டு நினைச்சுக்கொண்டு இரும்."

வைத்த கையோடு ரொறன்ரோ.

"மருமோன், எக்கோ எண்டால் இதுதான் எக்கோ," என்றார் சரவணமுத்து. "குகைதான். அண்ணையின்ர தகரப் பெட்டியால இது ஏலுமே? குசினிக்குப் புதுசா ஓடு மாத்தப்போறன். நீர் இருந்து பாத்துச் செய்வியும்."

"மாமா, உங்களுக்கு உண்மையா நல்லாக் கேட்டதோ? கணவாயும்..."

நிசாந்தினி அவன் காலை மிதித்தாள்.

"எனக்குக் காது இன்னும் பழுதாகேல்ல," என்று சொல்லிச் சரவணமுத்து வைத்துவிட்டார்.

நிசாந்தினி தன் போனை எடுத்து லைவுக்குக் கீழே வந்ததை வாசித்தாள். "நூற்று நாப்பத்திமூண்டு பேர் எழுதியிருக்கினம். 'ஒலியமைப்பு அற்புதம்,' பரிஸ். 'கிற்றார் நெஞ்சை உருக்கியது,' ஒஸ்லோ. 'இவ்வளவு துல்லியமான சத்தம் ஊரில் கேட்டதில்லை,' மெல்பேண்."

"நான் அப்பவே சொன்னனான்," பெருவிரலில் துணி சுற்றியபடி வின்சன்ற் வாசலில் நின்றார். "ஏர்த் சரியெண்டால் எல்லாம் சரி."

கோபிசங்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மண்டபத்திலிருந்த முந்நூறு பேரின் காதுக்குள் கணவாய் போயிருக்கிறது. உலகம் முழுவதும் கிற்றார் மட்டும் போயிருக்கிறது. வால்வும் டிஜிற்றலும் சேர்ந்தால் இப்படியும் ஒரு அதிசயம் நடக்குமோ என்று அவன் யோசிக்கத் தொடங்கிய நேரத்தில், நிலாந்தினி ரீச்சர் முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி உள்ளே வந்தார்.

"கோபி அண்ணை, ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. வின்சன்ற் அண்ணை தூஷணம் பேசேக்க லைவின்ர சத்தத்தை நிப்பாட்டினனான், திரும்பிப் போட மறந்துபோனன், கடைசி வரைக்கும் வெறும் படம்தான் போயிருக்கு."