கைப்பார்சல் அண்ணையின் லப்ரொப்

ஒழுங்காக ஓடாத ஒரு லப்ரொப்பை ஒழுங்காக ஓடவைத்து, அதனாலேயே ஒரு தகப்பனிடம் மகள் வராமல் போகச்செய்த மடையன் யாழ்ப்பாணத் தீவுப்பகுதி முழுக்கத் தேடினாலும் ஒருவன்தான் கிடைப்பான். அவன்தான் வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தகப்பன், சரவணைக் கிராமத்தில் இருக்கும் கைப்பார்சல் அண்ணை. பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் இடாப்பில் பத்திரமாக இருக்கிறது. உலகத்தில் வேறெந்த லப்ரொப்பும் அவருடையதைப்போல் விமானம் ஏறியதில்லை; அதுவும் துண்டு துண்டாக.

அந்த மடிக்கணினி எவ்வளவு பழசு என்றால், சுவிச்சை அழுத்திவிட்டுச் சந்திக்குப் போய்ப் பாண் வாங்கி, வழியில் நாலு பேரோடு அரசியல் கதைத்து, வந்து தேத்தண்ணி வைத்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே காற்றாடி போடுகிற சத்தத்தைக் கேட்டு, நயினாதீவுக்குப் போகவந்த ஒரு மனிசி படலையில் நின்று, "தம்பி, வள்ளத்திலை ஏறலாமோ?" என்று கேட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. கதையைக் கட்டியவன் நான்தான். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

புதிது வாங்கி அனுப்பப் பிள்ளைகள் மூவரும் தயார். மூத்தவன் சுவிஸ், இளையவன் லண்டன், கடைசி மகள் கனடா. அண்ணைதான் சம்மதிக்கவில்லை.

"புதுசு பெட்டியிலை வரும். பிள்ளையள் வராயினம்," என்பார்.

மனைவி போனபின் தனியாக இருப்பவருடைய திட்டம் ஊருக்கே தெரியும். பழையதையே தன் கையால் கழற்றிப் பூட்டிப் புதிதாக்குவார். ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு பிள்ளை நேரில் கொண்டுவந்து கையில் தரவேண்டும்.

"ஏனப்பா, கூரியரிலை விட்டால் கெதியா வருமே," என்று மூத்தவன் கேட்டான்.

"கூரியர்காரன் எறிவான். உன்னை நாங்கள் எறிஞ்சோ வளர்த்தனாங்கள்?"

மூத்தவன் எஸ்.எஸ்.டியோடு வந்திறங்கினான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இதைப் பூட்டப் பத்து நிமிடம் போதும். அண்ணை முதல்நாளே அதன் திருகாணி ஒன்றைத் தொலைத்துவிட்டார். ஆணி இல்லாமல் மூடேலாது, மூடாமல் மகன் போகேலாது என்றார். வீடு முழுக்கத் தேடினோம். மாட்டுக்கொட்டிலில் ரோர்ச் பிடித்துத் தேடும் பொறுப்பு அயல்வீட்டுக்காரனான எனக்கு வந்தது. மகனுடைய விடுமுறை முடிகிற அன்று காலை, ஆணி அண்ணையின் சேட்டுப் பையிலிருந்து புறப்பட்டது.

"அட, இஞ்சை கிடந்திருக்கு," என்றார், அது தானாக நடந்துவந்து ஏறியதைப்போல. சாணி மணம் எனக்கு இரண்டு நாள் போகவில்லை.

இளையவனை வரவழைக்க அவர் பாடுபடவேயில்லை. தனிப் பற்றரியை விமானத்தில் கொடுத்துவிடும் பெட்டிக்குள் போட ஏலாது, பயணி கையோடுதான் வைத்திருக்கவேண்டும் என்று எங்கோ வாசித்துவிட்டார். அந்தச் செய்தியோடு சைக்கிளில் வேலணை முழுக்கத் திரிந்தார்.

"பாத்தீரே, பிளேன்காரனே சொல்லுறான். நான் சொல்லேல்லை."

பற்றரி வந்தது, மகனும் வந்தான். மிச்சம் இருந்தது றாம், அதாவது லப்ரொப்பின் நினைவகத் துண்டு. அது மகளின் பங்கு. அவள் வந்துபோய் எவ்வளவு காலம் என்று ஊர் மறந்துவிட்டது, அண்ணை மறக்கவில்லை. கோயில் கொடியேற்றத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பிளேன் ரிக்கற் மட்டும் இன்னும் போடவில்லை.

இந்த இடத்தில்தான் நான் நுழைகிறேன். நான் கைவைத்த சாமான் எதுவும் உருப்பட்டதில்லை. நான் திருத்திக்கொடுத்த சோறு காய்ச்சும் மெசினில் என் மனைவி இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். ஆனாலும் ஒருநாள், அண்ணை லப்ரொப்பில் விடியோ அழைப்பில் கதைத்துக்கொண்டிருக்க, மகளின் முகம் பாதி வசனத்தில் வாய் திறந்தபடி உறைந்து நின்றது. மனிசன் அந்த அசையாத முகத்தைப் பார்த்து, "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை," என்று தலையாட்டிக்கொண்டேயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

யாழ்ப்பாணம் போய், எத்தனை ஜிபி அளவு என்று கடைக்காரன் கேட்க, பெரியதாகப் பார்த்து றாம் வாங்கிவந்தேன். அண்ணை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போன நேரம், ஆட்டுக்குக் குழை போடச்சொல்லி என்னிடம் விட்டுப்போன திறப்பால் வீட்டைத் திறந்தேன். போனில் ஒரு விடியோவைப் பார்த்துப் பார்த்து லப்ரொப்பின் அடியைக் கழற்றிப் பூட்டினேன். ஒரு ஆணிகூட மிஞ்சவில்லை. என் ஆயுளில் நான் திருத்தி வேலைசெய்த முதல் சாமான் அது. ஊருக்கே தெரிந்த திட்டம் எனக்கும் தெரியும். அந்த நேரம் மூளைக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆட்டுக்குக் குழை போடவும் மறந்துவிட்டேன்.

அண்ணை வந்து சுவிச்சை அழுத்தினார். கதிரையை இழுத்து இருக்க முதலே திரை வந்துவிட்டது.

"ஆர் பூட்டினது?"

"நான்தான் அண்ணை."

"நீரோ? பிறகேன் வேலை செய்யுது?"

அதற்குள் திரையில் மகளின் அழைப்பு வந்துவிட்டது.

"அப்பா, என்ன வடிவாத் தெரியுறியள். பக்கத்திலை இருக்கிற மாதிரியே இருக்கு. அப்ப இந்தமுறை ரிக்கற் போடாமல் விடுறன். அடுத்த வருசம் பாப்பம், என்ன?"

"ஓம் பிள்ளை," என்றார் அண்ணை. அவள் அழைப்பை வைத்தபிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உமக்கு வீட்டிலை வேலை ஒண்டும் இல்லையே?"

"கழட்டி எடுக்கட்டே அண்ணை? பழுதாப் போச்சுதெண்டு சொல்லுங்கோவன்."

"பொடியளுக்கு எவ்வளவும் புளுகுவன். அவளுக்கு ஏலாது. முகத்தைப் பாத்தே பிடிச்சிடுவாள். அதுவும் இப்ப வடிவா வேறை தெரியுதாம்."

ஆகவே புளுகவேண்டிய பொறுப்பு எழுத்தாளனிடம் வந்தது. அடுத்தநாள் அவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது, திரையில் தெரியாதபடி மூலைக் கதிரையில் இருந்து மகளுக்குப் போனில் எழுதினேன்: "தங்கச்சி, நான் பூட்டின றாம் எரிஞ்சு போச்சு. அப்பான்ரை லப்ரொப் அடியோடை நிண்டிட்டுது. இஞ்சை சாமான் இல்லை. நீர் நேரிலை கொண்டந்தால்தான் சரி." நான் பூட்டியது எரிந்தது என்றால் ஊரில் எவரும் நம்புவார்கள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அடியோடு நின்றுபோன அந்த லப்ரொப்பில்தான் தகப்பனும் மகளும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரையில் அவள் குனிந்து போனை வாசிப்பது தெரிந்தது. அண்ணை ஒன்றும் அறியாமல், ஆட்டுக்குட்டி வேலி பாய்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து அவருடைய முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்தாள். என் போன் அதிர்ந்தது.

"எத்தினை ஜிபி?"