சட்டி நாட்டாமை

மனித குலத்தில் சட்டி நாட்டாமை என்றொரு இனம் உண்டு. மேசை நடுவே ஓர் அடுப்பு, அதன்மேல் கொதிக்கும் ஒரு சட்டி, சுற்றிப் பசித்த நாலு பேர். இவ்வளவு போதும், அவன் தானாக முளைத்துவிடுவான். அவனை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. கரண்டி எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கைதான் அரசாங்கம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவன் கையால் வாங்கித் தின்றும் இருப்பீர்கள்.

எங்கள் கூட்டத்தில் அந்தப் பதவி பார்த்தசாரதிக்கு. சிட்னிக்கு வந்த புதிதில் வெஸ்ட்மீட்டில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் நாங்கள்: பார்த்தசாரதி, வர்ஷா, யாழ்ப்பாணத்து அருந்தவன், நான். இப்போது ஆளுக்கொரு திசை. எப்போதாவது பரமட்டாவில் ஒரு ஜப்பானியக் கடையில் கூடி, ஒரே சட்டியில் வேகவைத்து உண்கிறோம். உண்கிறோம் என்பது பெருமைக்குச் சொல்வது. போடுபவன் அவன், எடுப்பவன் அவன், யார் கிண்ணத்தில் எது விழ வேண்டும் என்று தீர்ப்புச் சொல்பவனும் அவன். நாங்கள் குச்சிகளைப் பிடித்தபடி, சுண்டலுக்குக் காத்திருக்கும் பக்தர்களைப் போல உட்கார்ந்திருப்போம்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பரிமாறும் பெண் விளக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்னரே “ஐ நோ, ஐ நோ” என்பான். நாம் காளானைத் தொட்டால் பதறுவான். தான் மட்டும் நினைத்தபோதெல்லாம் மூடியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியில் ஆவி அப்பிக்கொள்ள, ஒன்றும் தெரியாமலே “இன்னும் ஆகல” என்பான். எதை வைத்துச் சொல்கிறான்? அது ராணுவ ரகசியம். “டேய், அது வேகலடா!” என்பது ஒன்று. “ஐயோ, குழைஞ்சு போச்சு, எடு எடு!” என்பது மற்றொன்று. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் எந்த மனிதனும் சாப்பிட்டுவிட முடியாது.

சென்ற மாதம் கூடியபோது, அருந்தவன் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

“மச்சான், ஒரு விசயம் கதைக்க வேணும். பேர்த்தில ஒரு வேலை...”

“முதல்ல கோஸ்” என்றான் பார்த்தசாரதி, சட்டிக்குள் இலைகளை அமுக்கியபடி.

“நல்ல சம்பளம். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லோணும். ஆனா...”

“வாயைத் திற. டோஃபு. பாத்து, சுடும்.”

சுட்டது. மீதி வாக்கியத்தை அருந்தவன் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினான். பேர்த் நகரம் கண்டத்தின் மறுகரையில், விமானத்தில் ஐந்து மணி நேரம். எதிரில் இருந்ததால் அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. போகத் துணிந்தவனின் முகம் இல்லை அது. பஸ்ஸில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, யாராவது ‘இறங்குடா’ என்று சொல்ல மாட்டார்களா என்று பார்க்கிற முகம்.

அந்த நேரத்தில் பச்சை முட்டைகள் வந்து சேர்ந்தன. வெந்த இறைச்சியை அடித்த பச்சை முட்டையில் தோய்த்து உண்பது அங்கே வழக்கம். அதற்கென்றே ஆளுக்கொரு கிண்ணமும் வைத்திருந்தார்கள்.

“பச்சை முட்டையா? நான் உயிரோட இருக்கறப்பவா?”

பார்த்தசாரதி நான்கையும் சட்டிக்குள் உடைத்து ஊற்றி, சட்டைப் பையிலிருந்து மிளகுத்தூள் பொட்டலத்தை எடுத்துத் தூவி, ஒரு கலக்குக் கலக்கினான். இனிப்பும் சோயாவுமாக மணந்துகொண்டிருந்த சாறு ஒரே நொடியில் காரைக்குடிக்குக் குடிபெயர்ந்தது. பரிமாறும் பெண் எட்ட நின்று பார்த்தாள். அப்புறம் எங்கள் மேசைப் பக்கம் வரவேயில்லை.

கலக்கல் ஓய்ந்த இடைவெளியில் அருந்தவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்: “நான் பேர்த்துக்குப் போயிடுவன் போல கிடக்கு.”

கரண்டி நின்றது. அரை நொடிதான்.

“பெர்த்தா? சூப்பர்டா! என் கசின் அங்கதான் இருக்கான், வீடு அவன் பாத்துக்குவான். சாமான் ஏத்துற மூவர்ஸ்கிட்ட நான் பேசறேன். ஃபிரிட்ஜைத் தூக்கிட்டுப் போகாத, வேஸ்ட். வர்ஷாகிட்ட குடுத்துடு. சோபா என் வீட்டு ஹாலுக்குக் கரெக்டா இருக்கும்...”

பார்த்தீர்களா? நண்பனின் பிரிவும் இவர்களுக்குச் சட்டியில் போடுகிற சரக்குதான். அதைக் கழுவி, நறுக்கி, வேகவைத்து, நேரத்துக்கு இறக்கிவிட வேண்டும். போகாதே என்ற ஒரு சொல்லைத் தேடி வந்தவன், தன் சோபா எந்தச் சுவரோரம் போகப்போகிறது என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான். “ஓம்... ஓம்...” என்றான். ஒவ்வொரு தடவையும் குரல் சிறுத்தது.

வர்ஷா எழுந்து கரண்டியைப் பிடுங்கினாள்.

“ஏய், அடி பிடிச்சிரும்!”

“பிடிக்கட்டும். பார்த்தா, அவன் உன்கிட்ட மூவர்ஸ் நம்பர் கேக்க வரல. யாராவது போகாதன்னு சொல்ல மாட்டாங்களான்னு வந்திருக்கான். இப்ப சொல்லு. அவன் போகணுமா உனக்கு?”

கரண்டியில்லாத பார்த்தசாரதியை நாங்கள் அதற்கு முன் பார்த்ததேயில்லை. கைகளை மேசைமேல் வைத்தான். மடியில் வைத்தான். திரும்ப மேசைமேல் வைத்தான். முட்டை அடிபிடித்துப் புகைந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“போகாதடா” என்றான். “சண்டே காலையில நான் யாருக்குடா போன் பண்ணுவேன்?”

“விடியக்காலமை எழுப்பி, கறிக்கு உப்புப் போட்டனியோ எண்டு கேக்கத்தானே?” அருந்தவன் சிரித்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புகை மச்சான், புகை” என்றான். “சரி. திங்கட்கிழமை அவங்களுக்கு, என்னால வர ஏலாது எண்டு எழுதிவிடுறன்.”

“நீ எழுதாத!” பார்த்தசாரதி வர்ஷாவின் கையிலிருந்து கரண்டியை மீட்டுக்கொண்டான். “எப்படி எழுதணும்னு நான் சொல்றேன்.”

இந்த மாதிரி ஆளோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ என்று எங்களுக்காக இரக்கப்படுகிறீர்கள். நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அருந்தவன் கண்ணைத் துடைத்தபோது, ‘அந்த அடுப்பை யாராவது குறைத்துத் தொலைக்கக் கூடாதா?’ என்று உங்கள் மனத்தில் ஓடியதா, இல்லையா? ஓடியதென்றால் நீங்களும் அந்த இனம்தான்; உங்கள் வீட்டுக் கரண்டியை ஒருநாள் அடுத்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காமல்.