அலமாரிக்குள் பதினாறு கோர்

அந்தமானில் பூஞ்சை பிடிக்காத ஒரே பொருள் மனிதனின் நாக்குதான். கேமரா, கல்யாண ஆல்பம், தோல் செருப்பு எதையும் பூஞ்சை விட்டுவைக்காது. அதனால் அருமையான பொருள்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, ஈரம் அண்டாமலிருக்கக் கீழ்த்தட்டில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவோம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த என் புதுக் கம்ப்யூட்டரையும் அப்படித்தான் வைத்தேன். (சிரிக்காதீங்க, அப்போ அது பெரிய புத்திசாலித்தனமாத் தெரிஞ்சுது.) பின்பலகையில் ஓட்டை போட்டு வயரை மட்டும் வெளியே இழுத்திருந்தேன்.

அதில் பதினாறு கோர் ப்ராசஸர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் பதினாறு மூளைகள். அக்காவிடம் இருந்ததோ நாலு கோர் கிழவி. மூடிகூட இல்லாமல் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கட்டப்போகும் கட்டடங்களுக்கு 3டி படம் செய்வதுதான் இருவருக்கும் பிழைப்பு. ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் கட்டவிருந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நான் டிசைன் மாத்திட்டே இருப்பேன். யார் மெஷின் ஃபாஸ்ட்டோ, வேலை அவங்களுக்குத்தான். ஜல்தி, எனக்கு ஃபெர்ரி இருக்கு” என்றார்.

அந்த வருஷம் கைக்கு வந்த ஒரே பெரிய வேலை. விடுவேனா?

“ஒரே படத்தை ரெண்டுலயும் ஓடவிடுவோம் சார்!”

“டேய், அலமாரிக் கதவையாவது தெற” என்றாள் அக்கா.

“தெறந்தா ஈரம் உள்ள வந்துடும்க்கா. உனக்குத் தோத்துடுவோம்னு பயம்.”

ரெண்டர், அதாவது கம்ப்யூட்டர் படம் வரையும் வேலை, தொடங்கியது. என் திரையில் கோருக்கு ஒன்று வீதம் பதினாறு கட்டங்கள் ஒன்றாகக் குதித்து நீச்சல் குளத்தை நிரப்பின. அக்காவின் நாலு கட்டங்கள் ஒரு தென்னை மட்டையையே தடவிக்கொண்டிருந்தன. நான் கால்மேல் கால் போட்டுக் காப்பி குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் என் கட்டங்கள் நொண்ட ஆரம்பித்தன. அக்கா தென்னையை முடித்துக் குளத்தில் இறங்கிவிட்டாள்.

“க்யா ஹுவா?” என்றார் ரிசார்ட்காரர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திரை கறுத்துப்போனது.

ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். அனல் முகத்தில் அறைந்தது. கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் தானே அணைந்திருந்தது. அதற்கு அடியில் குண்டு பல்பு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. நான் பல்பை அணைக்கக் குனிய, அம்மா என் தோளுக்கு மேலே எட்டி மேல்தட்டில் தான் வைத்திருந்த முறத்தைத் தடவினாள்.

“ஒரு வாரமா காயாத வத்தல், எப்படிக் காஞ்சிருக்கு பாரு! தெனம் இதை ஓட்டுடா.”

வேலை அக்காவுக்குப் போனது. நான் அவளுக்கு உதவியாளனானேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பிறகு நடந்த என் கல்யாணத்தில், ஓமப் புகையில் வியர்த்து வழிந்து மந்திரம் மறந்து நான் விழித்தபோது, மண்டபமே கேட்கும்படி அக்கா கத்தினாள்:

“யாராவது கதவைத் தெறந்து விடுங்க, பதினாறு கோர் நின்னுபோச்சு!”

பெண்வீட்டார் விழிக்க, அம்மா அவர்களுக்கு முழுக்கதையையும் சொன்னாள். தாலி கட்டி முடித்ததும் என் மனைவி தலைகுனிந்தபடி என்னிடம் முதலில் கேட்டது இதுதான்:

“வத்தல் நெசமாவே காஞ்சுதா?”