கப்பல் கை நனைத்த கண்மாய்க்கரை ஹோட்டல்

தண்ணீர்க் கரையில் இருக்கும் ஹோட்டல்களைக் கப்பல் மாமா அளவுக்கு வெறுத்த மனிதர் இந்தப் பூமியில் வேறொருவர் இருக்க முடியாது. அதுவும் தண்ணீரே இல்லாத அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு!

கப்பல் எங்கள் தாய்மாமன். பாதி ஆயுளைச் சரக்குக் கப்பல்களில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராகக் கழித்துவிட்டு, அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் கரையேறியவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் உயிரோடு இருந்தது. உலகம் சுற்றியவராயிற்றே, நாலு கதை கேட்கலாம் என்று போய் உட்கார்ந்தால் எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே கதைதான்: இறங்கினார், சாப்பிட உட்கார்ந்தார், ஏமாந்தார்.

“தொறமொகத்து வாசல்லயே பாரும் ஓட்டலும் ஒண்ணாப் போட்டு வச்சிருப்பான், மருமகனே. டின்னுல அடைச்சதத் தின்னு நாக்குச் செத்து எறங்குறவன் வேற எங்க போவான்? கிளாஸுல பாதி நொர. தண்ணி தெரியிற டேபிளுக்குத் தனி ரேட்டு. ஏலே, மாசக்கணக்காத் தண்ணியவே பாத்துட்டு வாறவனுக்குத் தண்ணியக் காட்டிக் காசு புடுங்குறான். கேக்க நாதியில்ல!”

ஒரு ஊரில் பெரிய தட்டில் மூன்றே மூன்று இறால் வந்ததாம். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல. “இதத் திங்கவா, இல்ல ஆறுதல் சொல்லவா?” என்று கேட்டாராம். அந்த வெயிட்டருக்குத் தமிழ் தெரியாததால் மாமா பிழைத்தார்.

ஒருமுறை குடும்பத்தோடு தூத்துக்குடி போனோம். கடற்கரையில் இருந்த ஒரு கடையையும் கண்ணெடுத்துப் பார்க்க விடவில்லை. வேனுக்குள்ளேயே, கடலுக்கு முதுகைக் காட்டிப் புளியோதரை சாப்பிட வைத்தார். “கடலப் பாத்துக்கிட்டே திங்கப் பழகுனா அப்புறம் குடும்பம் உருப்படாது” என்றார். கடலைப் பார்க்கப் போய்க் கடலைப் பார்க்காமல் திரும்பிய ஒரே குடும்பம் நாங்கள்தான்.

இப்படிப்பட்டவருடைய அக்கா மகள், அதாவது என் அக்கா தேவி, யாரை விரும்பித் தொலைத்தாள் தெரியுமா? திருச்சுழி ரோட்டில் ‘லேக் வியூ’ ஹோட்டல் வைத்த சரவணனை.

அந்த லேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஒரு கண்மாய். கார்த்திகை மழை மனது வைத்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மற்ற நாளெல்லாம் சீமைக் கருவேலமும் வெள்ளாடும்தான். அந்தக் கரையில் கண்ணாடிச் சன்னல், தெர்மாகோல் நங்கூரம், பரிமாறுகிறவர்கள் தலையில் வெள்ளை மாலுமித் தொப்பி. செல்பி எடுக்கக் காரியாபட்டியிலிருந்தெல்லாம் கார் போட்டு வந்தார்கள். ஆடு மேய்வதைப் பார்த்தபடி மீன் தின்ன அவ்வளவு கூட்டம்!

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசினால் ‘கை நனைப்பது’ என்று ஒன்று உண்டு. மனசுக்குப் பிடிக்காத வரை எதிர்த்தரப்பில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள். உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பெண் வீட்டாரில் வேறு யார் சாப்பிட்டாலும் தாய்மாமன் சாப்பிடாவிட்டால் செல்லாது. மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க அழைத்த இடம் அந்த லேக் வியூ. தேவிக்கு முதல் நாளிலிருந்தே சோறு இறங்கவில்லை.

வாசலில் தொப்பிக்காரத் தம்பி ஒருவன் கப்பலுக்கு சல்யூட் அடித்தான்.

“எந்தக் கப்பலுடா தம்பி?”

“பந்தல்குடி, சார்.”

உட்கார்ந்தோம். படகு வடிவத்தில் ஒரு மரத்தட்டு வந்தது. முட்டைக்கோஸ் இலையைப் பாய்மரமாக நிறுத்தி, அதன் நிழலில் விரல் நீள மீன் ஒன்று படுத்திருந்தது. கப்பல் மீனைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார்.

“மாப்ள, இந்த மீன அந்த ஆடுகதான் புடிச்சுக் குடுக்குதா?”

“மழை பெஞ்சா நெறஞ்சிரும், மாமா” என்றான் சரவணன், வியர்த்தபடி.

“நெறையட்டும். அப்ப வாறேன்.”

எழுந்து போயே விட்டார்.

அத்தனை கைகளும் அப்படியே நின்றன. சரவணனுடைய அப்பா தோள் துண்டை உதறினார். “தாய்மாமன் கை நனைக்காம எந்திரிச்சுட்டாக. இனிமே பேச என்ன இருக்கு?” தேவி தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் வெளியே ஓடினேன். கப்பலின் ஸ்கூட்டர் நின்றது, கப்பலைக் காணவில்லை. ஹோட்டலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், தகரக் கொட்டகையில் வேலைக்காரப் பையன்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாலுமித் தொப்பிகள் ஆணியில் தொங்கின. நடுவில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை குழம்பு வழிய, நம் ஆள்!

“மாமா, அங்க கல்யாணமே நிக்குது!”

“நிக்கட்டும். கொழம்பு ஆறிரும்ல?” ஒரு உருண்டையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் பேசினார். “முன்னாடி வைக்கிற தட்ட எந்தக் களவாணியும் ஜோடிப்பான். வேல பாக்குறவன் தட்டுல என்ன விழுகுதுன்னு பாரு. ஏம்ப்பா பந்தல்குடி, தெனமும் இப்பிடித்தானா, இல்ல நாங்க வந்ததுக்கா?”

“தெனமும் இதான் சார். சரவணன் அண்ணனும் எங்ககூடத்தான் உக்காந்து சாப்பிடுவாக.”

அதற்குள் இரண்டு குடும்பமும் கொட்டகை வாசலில் கூடிவிட்டது. சரவணனுடைய அப்பாவுக்கு முகம் சிவந்தது. “இதெல்லாம் கை நனைச்சதுல சேருமா?”

கப்பல் கையைத் தூக்கிக் காட்டினார். “நனைஞ்சிருக்கா இல்லையா, நீங்களே பாத்துக்கங்க. முன்னாடி நடக்குறது பகல் கொள்ள. அதுல எனக்கு மாத்துப் பேச்சில்ல. ஆனா எங்க புள்ளைய இந்தச் சட்டிச் சோத்துக்கு நம்பி அனுப்பலாம்.”

பெரியவர் முறைத்தார். பிறகு மெல்லச் சட்டியை எட்டிப் பார்த்தார்.

“கருவாடு என்ன, நெத்திலியா?”

அதோடு நிச்சயம் முடிந்தது.

கப்பல் கை கழுவ தேவிதான் சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். அவர் துடைக்கத் துணி தேடிப் பார்த்து, கிடைக்காமல், அந்த ஈரக் கையாலேயே அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். சூடியிருந்த மல்லிகை முழுக்கக் கருவாட்டு வாசம். எடுத்துப் போட்டுவிட்டு வேறு பூ வைக்கச் சொல்லி அம்மா தலைகீழாக நின்று பார்த்தாள். பொழுது சாயும்வரை அக்கா அந்தப் பூவைத் தொடவே விடவில்லை.